கிழக்கில் இருந்த ராசா

மின்விசிறிக் கொக்கியில் ஹாங்கர்,
ஹாங்கரில் கட்டிய கைப்பேசி,
அதற்குக் கீழே பச்சைத் துணி.
விசிறியை நிற்பாட்டினால்தான் படம் ஆடாது.
வெள்ளவத்தையில், ஏப்ரலில்,
நாலாம் மாடியில்
நாலு பேர் வியர்த்துக்கொண்டு
பிரிட்ஜ் சொல்லிக்கொடுக்கிறோம்.

இது பதினோராம் பாகம்.
'ராசாவைத் தாண்டி ராணி போவது எப்படி'
தலைப்பு நான் வைத்தது.
பினெஸ் என்றால் யாருக்கு விளங்கும்?
"நைசாக நழுவல்" என்றாள் ஜெசீமா.
"நுண்ணாட்டம்" என்றார் குலேந்திரன்;
தபால் கந்தோரில் படிவங்களை மொழிபெயர்த்த மனிதர்.
டம்மிக்கு இதைவிடப் பெரிய சண்டை.
ஊமைக் கை. செத்த கை. திறந்த கை.
மூன்று மணித்தியாலம் கதைத்து
டம்மியை டம்மியாகவே விட்டோம்.
துரும்பு மட்டும் எங்கள் வீட்டுச் சொல்.
முந்நூற்று நாலு விளையாடிய எவருக்கும்
அதை விளக்கத் தேவையில்லை.

முதல் பதிவில் மாத்தறை ரயில்.
அடுத்ததில் பாண் ஓட்டோ,
தினமும் ஒரே இடத்தில் பிசகுகிற அதே மெட்டு.
பிறகு நான், "தெற்கு" என்று சொல்லவேண்டிய இடத்தில்
"தெகிவளை" என்றேன்.
ஒன்று நன்றாகவே வந்தது, கைப்பேசியில் இடமில்லை.
ஜெசீமா மகளின் கலியாணப் படங்களில்
இருநூறை அழித்தாள்.
"எல்லாம் சோத்துத் தட்டுகள்தான், போகட்டும்."

நிமேஷாவுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் பஸ்ஸுக்கும் சந்தைக்கும் காணும்.
ஏலத்தில் மொத்தம் பதினைந்து சொல்:
ஒன்றிலிருந்து ஏழு, நாலு இனம்,
துரும்பில்லை, பாஸ், இரட்டிப்பு, மறு இரட்டிப்பு.
ஆறு வருஷமாக அந்தப் பதினைந்துக்குள்
நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை.
ஒரே ஒரு தடவை, ஸ்கோப்பனில், ஒரு மழைநாள்.
அதுவும் இருவருக்கும் தெரிந்த பொய்.

ஏழாவது பதிவு.
தாளில் எழுதிவைத்தபடி
ஆட்டின் ராசா மேற்கில், ஜெசீமாவின் கையில்.
எதிரே டம்மியில் ஏஸும் ராணியும்.
தெற்கிலிருந்து சின்ன ஆட்டின் ஒன்றைப் போட்டு
அண்ணாந்து பாராமல் கமராவுக்குச் சொல்கிறேன்:
"மேற்கு சின்னதைப் போடுறா, பாருங்கோ.
ஏஸை எடுக்க அவசரப்படாதீங்கோ.
ராணியை விடுங்கோ.
ராசா மேற்கிலதான். என்னை நம்புங்கோ."

நிமேஷா ராணியை விரலால் நகர்த்துகிறாள்.
குலேந்திரன் கண்ணாடியைச் சரிசெய்கிறார்.
மெதுவாக, படிவத்தில் முத்திரை குத்துவதுபோல,
வைக்கிறார்
ஆட்டின் ராசாவை.

முகம் துடைக்க எழும்பிய நேரம்
கிழக்கும் மேற்கும் கை மாறியிருக்கின்றன.
ஜெசீமாவுக்கு முதல் சீட்டிலேயே தெரியுமாம்.
பதிவு கெட்டுவிடும் என்று வாய் திறக்கவில்லையாம்.
"கையில கிடந்தால் போடத்தானே வேணும்"
என்றார் குலேந்திரன்.
டம்மி கதைக்கக் கூடாது, அது சட்டம்.
சிரிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை.
நிமேஷா சிரித்த சிரிப்பில்
பச்சைத் துணி இழுபட்டு
டைமன் எல்லாம் நிலத்தில்.

வெட்டிவிட நினைத்துத்தான்
இரவு பன்னிரண்டுக்குக் கட்டிலில் குந்தினேன்.
வெட்டவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்:
'பாதித் தடவை இப்படித்தான் நடக்கும்.'
சிரிப்புக்குப் பின்னால் பாணந்துறை ரயில் கேட்கும்.
அப்போது யாரும் நிற்பாட்டச் சொல்லவில்லை.

இதுவரை நாற்பத்தொரு தடவை பார்த்திருக்கிறார்கள்.
அதில் ஏழு நான்.
முடிவு தெரியும், சீட்டுகள் தெரியும்,
இருந்தும் நிமேஷாவின் விரலுக்குக் கீழே
ராணி நகரத் தொடங்கும்போது
இந்தத் தடவை வெல்வாள் என்றே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.