நா

இங்கே நா என்றால் வலி.
நமக்கு நாக்கு.
குழல்வாய்மொழி மூன்று வயதில்
முட்டியைச் சிராய்த்துக்கொண்டு "நா, நா" என்று அழ
நான் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பேன்.
வீடே சிரிக்கும்.

பெகுவில் ஆவணி. நடவு முடிந்து
வயலெல்லாம் முழங்கால் தண்ணீர்.
வெள்ளிக்கிழமை தலைவலி என்றாள். சனி, காய்ச்சல்.
ஞாயிறு சாயங்காலம் வலது கை மட்டும்
யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆடியது.
விளையாடாதே என்று அதட்டினேன்.
அதட்டியதை இன்னும்
அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

ரங்கூனில் முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுத்தார்கள்.
டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
தெளிவாக இருந்தது.
உளுந்துக் கிடங்கில் தராசு பிடிப்பவன் நான்,
கலப்பில்லை என்றால் சரக்கு நல்லது.
நல்லதுதானே என்றேன்.
"சீழ் இல்லை, அவ்வளவுதான். வைரஸ்.
மூளைக்குப் போய்விட்டது.
காய்ச்சலை இறக்குவோம், வலிப்பை நிறுத்துவோம்.
மிச்சம் அவள் பாடு."
பன்றி ரத்தத்தில் பெருகுமாம்,
பன்றிக்கு ஒன்றும் ஆகாதாம்,
வயல் கொசு எடுத்துவருமாம்.

பக்கத்து வீட்டு தோ மியாவின் பன்றி.
நாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்து வளர்ந்தது.

பதினோரு நாள் கண் திறக்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் தோ மியா பஸ் ஏறி வந்தாள்.
பைக்குள் ரப்பர் வளையம் போட்ட நோட்டுக் கட்டு.
பன்றியை விற்றுவிட்டாளாம்.
அவள் முன்னாலேயே எண்ணி வாங்கிக்கொண்டேன்.

கண் திறந்தது. முகம் திறக்கவில்லை,
மெழுகு பூசிய மாதிரி.
கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது.
இரண்டு வாரம் கழித்துப் பேச்சு,
ஒவ்வொரு சொல்லாக, அத்தனையும் பர்மியம்.
தண்ணீருக்கு யே. சோற்றுக்குத் தமின்.
நர்ஸுகளுக்கு ஒரே சந்தோஷம்.
ஏ தண்டா என்று பள்ளிப் பெயர் சொன்னால் திரும்புவாள்.
நாங்கள் வைத்த பெயருக்கு
மின்விசிறியைப் பார்ப்பாள்.

"இரண்டு மொழிக்காரர்களுக்கு இப்படி ஆவதுண்டு.
ஒன்று முந்தும். மற்றது வரலாம்."
எப்போது?
"வரலாம்."

ஐப்பசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.
நேற்று கஞ்சி ஊட்டும்போது
அம்மாவைப் பார்த்து "அமே" என்றாள்.
பர்மியத்தில் அம்மாவுக்கு அதுதான் சொல்.
"நடுவுல ஒரு ம் இருந்துச்சு," என்கிறாள் மனைவி,
கரண்டி அந்தரத்தில் நிற்க,
"நீங்களும் கேட்டீங்கதானே?"
கைப்பிடி உளுந்து குறைந்தாலும்
கண்டுபிடிப்பான் என்று எனக்குச் சந்தையில் பேர்.
இருந்துச்சு என்றேன்.

இன்று காலை மடங்கிய விரலை
எண்ணெய் தடவி நிமிர்த்துகையில்
"நா."
விரலை விட்டுவிட்டேன்.
பழக்கத்தில் வாயைத் திறக்கச் சொல்லி
எட்டிப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
நாக்கு, சிவப்பாக, ஈரமாக,
இருந்த இடத்திலேயே இருந்தது.