ஐம்பத்தொன்பது

உலகத்துக்கு இது வாரயிறுதி.
சோஹாரில் ஞாயிறு வேலைநாள்;
அலுமினிய ஆலையில் என் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ள
ஜெர்வாஸுக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள் கடன்.

சனி விடிகாலை நான்கு மணி.
கல்ஃபான் வீட்டு மாடியறை.
ஏசி ஓடினால் அதன் கம்ப்ரெசர்
மெல்லிய குரல்களைத் தின்றுவிடுமென்று
பிளக்கையே பிடுங்கியாயிற்று.
அக்டோபர் இங்கே இன்னும் ஆறவில்லை.
ஹெட்போன் பஞ்சில் வியர்வை.
தலைக்குமேல் ஆண்டெனா முனகுகிறது.

நாற்பத்தெட்டு மணி நேரம்.
ஒரே ஆள், நூறு வாட்.
வேறு எவரும் காது கொடுக்கக் கூடாது.
எந்த அலைவரிசையில் யார் என்று
எந்தத் திரையும் எனக்குச் சொல்லக் கூடாது.
அப்படித்தான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அழைக்கிறேன்.
ஒருவருமில்லை.
அழைக்கிறேன்.
பிறகு, மதகு திறந்தமாதிரி,
நூறு பேர் ஒரே நொடியில்.

அந்த இரைச்சலில் ஒரு நுனியைப் பிடிக்க வேண்டும்.
"கிலோ என்று முடிகிறவர் மட்டும்."
கிலோ இல்லாத ஒருவர், பெரிய ஆம்ப்ளிஃபயர்க்காரர்,
கிலோவின் மேலேறிக் கத்துகிறார்.
அவர்தான் நன்றாகக் கேட்கிறார்.
கொடுத்து அனுப்பிவிட்டால் நாலு நொடியில் முடியும்.
கத்தினால் கிடைக்குமென்று
மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் கற்றுக்கொள்வார்கள்.
"கிலோ மட்டும்" என்கிறேன் மூன்றாம் முறை
பஸ் கண்டக்டர் குரலில்.

கிலோ வருகிறார்,
பனியில் சைக்கிள் விளக்குபோல.
"ஐம்பத்தொன்பது, இருபத்தொன்று" என்கிறேன்.
"ஐம்பத்தொன்பது, பதினைந்து" என்கிறார்.

ஐம்பத்தொன்பது என்றால்
சொல் தெளிவு, பலம் முழுசு என்று அர்த்தம்.
எனக்கு அவர் பாதி கேட்டார். அவருக்கு நான் கால்வாசி.
போட்டியில் எல்லோருக்கும் எல்லோரும் ஐம்பத்தொன்பது;
'சௌக்கியமா' என்றால் 'சௌக்கியம்' என்பதுபோல
யாரும் தண்டிக்காத பொய்.
இருபத்தொன்று மட்டும் நிஜம்:
என் மண்டலம், இந்தக் கரை, இந்த வெக்கை.

தண்டிக்கிற பொய் வேறே.
முடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
நாற்பது மீட்டரில் ஒருவர், ஒரே தடவை,
மின்னல் கீறல்களுக்கு நடுவில்.
கடைசி எழுத்து ப.
பி-யா, பி-யா?
என் மொழி இரண்டையும்
ஒரே பாயில் படுக்கவைத்து வளர்த்தது;
அங்கே சண்டையில்லை.
பதிவேட்டில் ஒன்றுதான் தேறும்.
தப்பினால் அந்தத் தொடர்பும் போய்
மேற்கொண்டு அபராதம்.
"பப்பாவா, பிராவோவா?"
மூழ்கிப்போயிருந்தார்.
காதில் மிச்சமிருந்ததைத் தட்டினேன்: பிராவோ.

திங்கள், நான்கு மணி. முடிந்தது.
போனில் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்
அந்த இரண்டில் எது நிஜமான ஆளென்று.
கூடாது.
மணி அடித்தபின் விடைத்தாளைத் தொடுவது அது.
இரண்டாயிரத்து நாற்பத்தொரு முறை
கூசாமல் ஐம்பத்தொன்பது சொன்ன நான்
ஓர் எழுத்துக்குப் பயந்து
கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

கல்ஃபான் வந்தார், கஹ்வாவும் ஃபர்த் பேரீச்சையுமாக.
நேற்றுக் காலையும் இப்படித்தான் வந்தார்.
வாசலில் நின்று என் டயலைப் பார்த்தார்,
வாயைத் திறந்தார், மூடினார்,
வயிற்றுவலிக்காரர்போலத் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சொல்கிறார்:
"நேற்று எட்டரைக்கு, பத்து மீட்டரில்,
பசிபிக்கிலிருந்து ஒரு தீவு.
பத்து நிமிஷம் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
கீழே என் ரேடியோவில் கேட்டேன்.
நீ பதினைந்தில் இருந்தாய்."

பதினோரு வருஷமாக எனக்குக் கிடைக்காத தீவு.
கோபப்பட நினைத்தேன். சிரிப்பு வந்தது.

"எவ்வளவு பலம்?"

கல்ஃபான் கோப்பையைக் கீழே வைத்தார்.
கண்ணை மூடி மறுபடி கேட்டுப் பார்த்தார்.
"முப்பத்துமூன்று" என்றார்.
"இல்லை, முப்பத்திரண்டு."

ஏசி பிளக்கைத் தேடிச் சொருகினேன்.