மாதம் பதினெட்டு டாலர்

முதலில் போனது வாத்து வேட்டைக்கான இரட்டைக்குழல்.
மர ஆலையைப் பூட்டிய மூன்றாம் வாரம்,
எரிவாயுத் தொட்டியின் முள் சிவப்பைத் தொட்டபோது.
லைல் அதைப் பழைய போர்வையில் சுற்றி
ட்ரக்கின் பின்னிருக்கையில் கிடத்தினான்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிப்போவதுபோல.
நான் பார்க்காதிருந்தால் சீட் பெல்ட்டும் போட்டிருப்பான்.

ஆர்லோ பிக்ஸ்பியின் அடகுக்கடை
மூடிய வங்கிக்கு அடுத்த கதவு.
மாண்டானாவின் இந்த மூலையில் பாதி ஊர்
அவர் சுவரில் தொங்குகிறது.
அது பெக்கெட்டின் துப்பாக்கி, கட்டையில் நாய் கடித்த தடம்.
அது தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் இமோஜீனுடையது;
அவளிடம் ஒன்று இருந்ததே அன்றுதான் தெரியும்.
யாரையும் பார்க்க விரும்பாதவர்கள்
அந்தக் கடையில் தூண்டில் விலை விசாரிப்பார்கள்.
அன்று நாலு பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, மானுக்கான ரைஃபிள்.
ட்ரக்கின் கியர்பெட்டி போயிருந்தது.
முன்னூறு கேட்டான், நூற்றெழுபது கிடைத்தது.
பேரம் பேசத் தெரியாத ஆளில்லை லைல்.
அன்று பேசவில்லை.
"நவம்பருக்குள்ள மீட்டுடுவேன்" என்றான்,
ஆர்லோவிடம் இல்லை, ரைஃபிளிடம்.

மூன்றாவதை நான் கொண்டுபோனேன்.

ஏப்ரல். பனி சேறாகிற மாதம்.
லைல் பட்டறையில் தூங்க ஆரம்பித்திருந்தான்.
செய்ய வேலையில்லாத பட்டறையில்
விடிகாலை மூன்று மணிக்கும் விளக்கு.
கத்திரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தேன்.
ரிவால்வர், புதிதாய் எண்ணெய் போட்டுத் துடைத்தது.
அதற்கடியில் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம்,
ஒரு வரியின் கீழ் மட்டும் பென்சில் கோடு.

கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
உதட்டுச்சாயத்தோடும் தள்ளுபடிக் கூப்பன்களோடும்.
ஆர்லோ தொண்ணூறு தந்தார். ஏன் என்று கேட்கவில்லை.
"மாசம் பதினெட்டு வட்டி, டெல்மா.
மூணு மாசம் கட்டலேன்னா மூழ்கிடும்."

மூழ்கட்டும் என்றுதான் வெளியே வந்தேன்.
பாலம் தாண்டும்போது உறைத்தது:
அடகில் மூழ்குவது எதுவும் அடியில் கிடப்பதில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு மேலே வரும்.
எவரோ வாங்குவார்.
இன்னொரு வீட்டு இழுப்பறையில் போய்க் கரையேறும்.
அங்கே இன்னொருத்தி கத்திரிக்கோல் தேடுவாள்.

அதனால் கட்டினேன்.
முட்டை விற்ற காசு, பள்ளிக்கூடத் தரை துடைத்த காசு.
விறகு பிளந்து ரைஃபிளுக்கு அவன் தனியாகக் கட்டிவந்தான்.
இரட்டைக்குழலை இருவருமே விட்டுவிட்டோம்;
அது ஜூனிலேயே மூழ்கிவிட்டது.
செப்டம்பரில் என் வட்டி அசலைத் தொட்டது.
இதைவிட மட்டமான வியாபாரம்
இந்த ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

லைல் ஒன்றும் கேட்கவில்லை.
இழுப்பறையைத் திறந்துதான் இருப்பான்.
ஒருநாள் இரவு தலையணையோடு படுக்கைக்கு வந்தான்.
"பட்டறை ரொம்பக் குளிருது" என்றான்.
ஜூலையில்.

அக்டோபர். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை.
முதல் சம்பளத்தோடு ரைஃபிளை மீட்கப் போனோம்.
தன் துப்பாக்கியைத் தானே திரும்ப வாங்கவும் படிவம் உண்டு.
தப்பியோடும் குற்றவாளியா? இல்லை.
போதைக்கு அடிமையா? இல்லை.
மனநலம் பற்றிய வரியில் பேனா நின்றது.
அந்த வரி கேட்பது நீதிமன்றத்தைப் பற்றி,
ஆஸ்பத்திரியைப் பற்றி.
ஏப்ரலைப் பற்றி இல்லை.
இல்லை என்று குறித்தான். உண்மைதான்.

ஆர்லோ தொலைபேசியில் காத்திருந்து, தலையசைத்தார்.
லைல் ரைஃபிளுக்கான பணத்தை எண்ணி வைத்தான்.
பிறகு தனியாக ஒரு பத்து, ஒரு ஐந்து,
கசங்கிய மூன்று ஒற்றை நோட்டுகள்.

"இது டெல்மா சீட்டுக்கு. இந்த மாசத்துது."

நான் தூண்டில் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.