துணி இல்லாத அளவு

செக்காலை ரோட்டு டெய்லர் காதர் கனிக்கு
முதலில் விளங்கவே இல்லை.
துணி எங்கே என்றார்.
துணி இல்லை, அளவு மட்டும் என்றேன்.
டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமல்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

ரகுமத் அக்கா அளந்தாள்.
திரைக்கு அந்தப் பக்கம் அவர்
காலண்டர் தாளின் முதுகில் எழுதினார்:
முப்பத்திரண்டு. இருபத்தாறு. முப்பத்தைந்து.
தோள் பதினாலே கால்.
உயரத்துக்கு டேப் போதவில்லை.
சுவரில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டாள்,
மின்சார மீட்டருக்கு ஒரு விரற்கடை மேலே.
இத்தனை அளந்தும் ஒரு ஜாக்கெட்டுக்கு வழியில்லையே என்று
காதர் கனி காசு வாங்கவில்லை.
தாராளம் இல்லை, கோபம்.

படம் எடுத்தது சூசைராஜ்,
என்னோடு எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவன்.
மேக்கப் கூடாது. முடியை இழுத்துக் கட்டணும்.
நேரே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று.
ஸ்டேஷனில் எடுக்கிற மாதிரியே இருக்கே என்றான்.
பதினோரு இடத்துக்கு அனுப்பினேன்.
நாலு நீல டிக்.
ஓரிடத்தில் மட்டும் ஐந்தே நிமிடத்தில்
நான் தேர்வாகியிருந்தேன்,
எண்ணாயிரம் பதிவுக் கட்டணம் கட்டினால்.
அளவைக்கூடக் கேட்காத அந்த அன்பை பிளாக் செய்தேன்.

ஒரு மாதம் கழித்துத் திருப்பூரிலிருந்து போன்.
அமலோற்பவமா? எழுத இடமில்லை,
அம்முனு போட்டுக்கிறேன்.
அண்ணனிடம் துணிக் கம்பெனி வேலை என்றேன்.
பொய் இல்லையே.

கானாடுகாத்தான். நாள் வாடகை வீடு.
விடிகாலைப் பஸ்ஸில்
தோல் நிற உள்ளாடை, இரண்டு ஜோடி செருப்பு,
ஒரு டப்பா ஹேர்பின்னோடு போய் இறங்கினேன்.
வேலைக்கு வந்திருக்கேன் என்றேன் வாட்ச்மேனிடம்.
வேலைக்காரங்க பின்வாசல் என்றார்.
ஒரு தெருவில் வாசலும்
மறு தெருவில் கொல்லையுமாய் நீளும் வீடு.
சுற்றிப்போய், அடுப்படி தாண்டி, கட்டு கட்டாய்க் கடந்து,
முன்வாசல் வெளிச்சத்துக்குப்
பின்னாலிருந்து வந்து சேர்ந்தேன்.

ஜாக்கெட் முப்பத்தெட்டு.
எல்லாருக்கும் அதே முப்பத்தெட்டு.
முதுகில் கிளிப் குத்தினாள் ஒரு பெண்.
எண்ணினேன், ஒன்பது.
முன்னால் எனக்கென்றே தைத்தது மாதிரி.
பின்னால் துணி காயப்போட்ட கொடி.

ஆத்தங்குடித் தரையில் பச்சை டேப் ஒட்டி
அதில் நில் என்றார்கள்.
மூச்சை இழு. பிடி. அசையாதே. விடு.
முதல் தடவை சிரித்துவிட்டேன்.
நாலு வருஷமாக
தினம் அறுபது பேரிடம் நான் சொல்லும் வரி.
நாங்கள் தேடுவது நிழலை.
அவர் எதைத் தேடினாரோ.
ஆனால் அசையாமல் நிற்க எனக்குத் தெரியும்,
மற்றவர்கள் எங்கே அசைவார்கள் என்பதும்.

முப்பத்தாறு சேலை, ஒரே மூக்குத்தி.
வயிறு தெரியுமென்று சாப்பிடாமல் வந்திருந்தேன்.
மூன்று மணிக்குத் தூண்கள் மெல்ல நகர்ந்தன.
சென்னையிலிருந்து வந்த மிருதுளா
கடலைமிட்டாயை உடைத்து நீட்டினாள்.
ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.
லிப்ஸ்டிக்கில் படாமல்
பல்லால் மட்டும் வாங்குவது எப்படியென்று
ஒரு தடவை தின்று காட்டினாள்.

நாற்பத்தேழு நாள் கழித்துப் பணம் வந்தது,
நாலாயிரத்தில் பத்து சதவீதம் போக.
கேட்லாக் வந்ததும்
காதர் கனிக்கு ஒன்று கொண்டுபோனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார்.
முன்னாடி கச்சிதம்.
ஆனா இது பதினாலே கால் இல்லையே.
திரும்பின படம் இருக்கா?

திரும்பவே விடலை என்றேன்.

அடுத்தது மதுரையில், செருப்பு விளம்பரம்.
பாதம் மட்டும் போதுமாம்.
அளவு கேட்டிருந்தார்கள்.
குனிந்து பார்த்துவிட்டு,
இதுக்கு டேப் போதும் என்றார்.