நாற்பது பேருக்குப் போட்ட கோப்பி

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர்.
அதில் ஒருவர்
புளோக் மாறி வந்த தண்ணீர் மீட்டர்காரர்.
நாற்பது பேருக்குப் போட்ட கோப்பி
அலுமினியப் பானையில்
கழுத்துவரை கறுத்துக் கிடந்தது.

லிப்ட் நின்று பதினாறு நாள்.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, பன்னிரண்டாம் மாடி,
குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்.
பதவி எப்படி வந்ததென்றால்
தேர்தல் நடந்தபோது
நான் பாத்ரூமில் இருந்தேன்.

ஊற்றிவிடத்தான் பானையைத் தூக்கினேன்.
சிங்க் விளிம்புவரை சாய்த்தும் ஆயிற்று.
அப்போதுதான் தோள் வலித்தது.
மார்ஜரினில் வறுத்த தூள், இரண்டு கிலோ,
படிக்குப் படி எடை கூடிய தூள்.
அதை ஏற்றி வந்த தோள்
ஊற்ற விடவில்லை.

பாதியை ஐஸ் தட்டுகளில் உறையப் போட்டேன்.
வெறும் தண்ணீர் ஐஸ் என்றால்
கொஞ்ச நேரத்தில் வெளுத்துப் போகும்,
நிர்வாக ஆபீஸ் தரும் தேதிகளைப் போல.

விடிந்ததும் சின்னச் சட்டியில் தண்ணீர்.
பட்டை ஒரு விரல் நீளம்.
ஏலம் ஆறு, தோலோடு நசுக்கி.
கிராம்பை எண்ணவில்லை,
கோபத்தில் இருந்தேன்.
குலா மெலாகா உருளையைக்
கத்தி முனையால் சுரண்டச் சுரண்ட
மேசையெங்கும் ஈர மண் நிறம்.
பாலேக் பூலாவில் எதற்கோ வாங்கி
டிராயரில் மறந்துபோன ஜாதிக்காய்,
துருவியில் நாலே இழுப்பு.
வீடு முழுக்க
பிரியாணிக்கும் இருமல் மருந்துக்கும்
இடைப்பட்ட ஒரு வாசம்.

வடிகட்டி, ஆறவைத்து,
நேற்றைய கோப்பியில் கலந்து,
கட்டிப்பால் டின் இரண்டைக் கவிழ்த்து
ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன்.
நேற்றைய கசப்பு அப்படியேதான் இருந்தது.
ஆனால் அதற்கு இப்போது
பேச்சுத் துணை கிடைத்திருந்தது.

எட்டாம் மாடித் திருப்பம்.
ஏறுகிறவர் எவரும்
மூச்சு வாங்க நின்றே தீரும் இடம்.
அங்கே கைப்பிடிக் கம்பியில்
பிளாஸ்டிக் பைகளை
ராஃபியா கயிற்றில் முடிச்சிட்டுத் தொங்கவிட்டேன்.
பைக்கு ஒரு ஸ்ட்ரா,
நாலைந்து கோப்பி ஐஸ்.
வியர்த்து வியர்த்துச் சொட்டின
எங்களைப் போலவே.

முதலில் ஆங் அங்கிள்,
கையில் கோழிக்கறியும் கீரைக்கட்டும்.
அடுத்து யோகாம்பிகை,
இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாசிலிருந்து வந்த முகம்.
கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்த பையன்
ஒரே உறிஞ்சில் பாதிப் பையைக் காலி செய்துவிட்டு
நெஞ்சைத் தடவிக்கொண்டான்.
“சியாப்பா பெலாஞ்சா?”
கக் சலீனா அண்ணாந்து கேட்டார்.
“நேற்று வராத முப்பத்து மூன்று பேர்” என்றேன்.
அதில் அவரும் ஒருவர்.
ஸ்ட்ராவைக் கடித்தபடி சிரித்தார்.

யாரும் இறங்கிப் போகவில்லை, ஏறியும் போகவில்லை.
படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.
டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை
கணவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவதை
யோகாம்பிகை அன்றுதான் சொன்னாள்.
எனக்கே தெரியாது.
ஒரே மாடி.
ஒரே சுவர்.

சிலிண்டர் பையன் எழுந்து,
தான் இந்தக் கட்டடக்காரனே இல்லையென்றாலும்
எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டான்.

ஐம்பத்தோரு கையெழுத்து.
மூன்றாம் பக்கத்தில்
யாருடைய பையோ சொட்டிய பழுப்புக் கறை.
புதிதாய் எழுதலாமே என்றார் பொருளாளர்.
மாட்டேன் என்றேன்.
மோந்து பார்க்கட்டும்.

பானையின் அடியில் எனக்கு மிஞ்சியது
ஒரு கிராம்பு.
கடித்ததில் மதியம்வரை நாக்கு மரத்திருந்தது.

லிப்ட் இன்னும் ஓடவில்லை.
அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை.
கோப்பியை
வியாழக்கிழமையே போட்டு
மிச்சம் வைக்க வேண்டும்.