கழுத்துக் கோடு

புர்சாவில் பனி விழாத ஜனவரி.
மேசைமேல் ஒரு குதிரை வைத்திய நூல்,
பூச்சி தின்ற ஓரங்களோடு.
தாளை ஒட்டுவது, மையை நிறுத்துவது என் வேலை.

முப்பத்தோரு குதிரைகள்.
வயிறு உப்பியது ஒன்று, குளம்பு வெடித்தது ஒன்று,
கண்ணில் பூ விழுந்தது ஒன்று.
லாடம் அடிப்பவர்கள், மருந்து புகட்டுபவர்கள்.
இதுவரை புரட்டிய பக்கங்களில்
எல்லோர் கழுத்திலும்
ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

வரைந்தவன் போட்டதல்ல.
நூறோ நூற்றைம்பதோ ஆண்டு கழித்து
வேறொரு கை, வேறொரு மை.
உருவமென்றால் தலைதான்,
தலை போனால் உருவம் இல்லை
என்று கேட்டு வளர்ந்த கை.
எரிக்க மனம் வரவில்லை அதற்கு.
வயிற்று வலிக்கு மருந்து
அதே பக்கத்தில் இருந்தது.

"எடுத்துவிடலாம்தானே, முஸெய்யன்?"
என்கிறார் இயக்குநர். வசந்தத்தில் கண்காட்சி.
குச்சி, பஞ்சு, ஒரு சொட்டுக் கரைப்பான்.
எடுத்துவிடலாம்.

தேநீர் நேரத்திலும் பேச்சு அதுதான்.
மரம் வரையலாம், மலை வரையலாம்,
மூச்சு விடாத எதையும் வரையலாம் என்கிறான் ஃபெரிதூன்.
மரம் மூச்சு விடாதென்று
உனக்கு யார் சொன்னது என்கிறாள் ஸாதெத்.
மிதிக்கிற விரிப்பில் சிங்கம் இருந்தால் பாதகமில்லை,
சுவரில் ஏறினால்தான் வம்பு. இது காவலாளி.
போட்டோ?
அது நிழல். விழ வைத்தவன் அல்லாஹ்,
பிடித்து வைத்தது மட்டும் நாம்.
ஃபெரிதூனின் மாமியார் வீட்டில்
தொழுகை நேரத்தில் மறைந்த மாமனார்
சட்டத்தோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாராம்,
சலாம் கொடுத்ததும் கூடத்துக்குத் திரும்பிவிடுவாராம்.
சிரித்தோம்.
யாரும் யாரையும் மாற்றவில்லை.
கோப்பைகளைக் கழுவி வைத்தோம்.

உருப்பெருக்கியின் கீழே கோடு வேறு மாதிரி.
ஆத்திரக்காரன் கை இப்படி ஓடாது.
கண்ணைச் சுரண்டவில்லை, முகத்தில் மை அப்பவில்லை.
பிடரி மயிர் கலையாமல்
புண் இருக்கும் இடத்தின் சிவப்பைத் தொடாமல்
தையற்காரன் சுண்ணாம்புக் கட்டியால் அளவு குறிப்பதுபோல்
ஒரே இழுப்பு.

மறுமை நாளில் வரைந்தவனிடம் கேட்கப்படுமாம்:
நீ படைத்தாயே, அதற்கு உயிர் ஊது.

வரைந்தவன் கூலிக்காரன்.
வயிற்றின் வளைவு சரியாக வந்ததா,
காசு வெள்ளிக்கிழமைக்குள் வருமா என்பதே அவன் கவலை.
பயந்தவன் இவன்.
இவை எழுந்து ஓடிவிடும் என்று
முழுதாக நம்பிய ஒரே ஆள்.

அல்லது அவனுக்காகப் பயந்தானோ?
பெயர் தெரியாத அந்தக் கூலிக்காரனிடம்
முப்பத்தோரு மூச்சு கேட்கப்படும் நாளில்
'இவை எப்போதோ செத்தவை, ரப்பே,
கழுத்தைப் பாருங்கள்' என்று
இப்போதே சாட்சி வைத்தானோ?

இருபத்தேழாம் ஏடு.
குட்டி ஈனும் குதிரை.
முன்னங்கால் இரண்டும் வெளியே,
தலை இன்னும் வரவில்லை.
வராத கழுத்தில் கோடு ஏது?
தாயின் கழுத்தில்
ஒரு புள்ளி மட்டும்.
எழுதுகோலை வைத்திருக்கிறான்.
எடுத்துவிட்டான்.

பாங்கு கேட்டிருக்கலாம்.
மை காய்ந்திருக்கலாம்.
அடுத்த ஏட்டிலிருந்து கோடுகள் மறுபடி
ஒழுங்காக.

'பின்னாளைய மை நூலின் பகுதியே.
அகற்றப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன்.
இயக்குநர் இரண்டு நாள் பேசவில்லை.

இன்று அந்தத் தாய்க் குதிரையின் பிடரியில்
வண்ணம் செதில் செதிலாய்ப் பெயர்ந்து நிற்கிறது.
பசை தொட்ட தூரிகையோடு குனிகிறேன்.
என் மூச்சுப் பட்டு
மயிர் அசைகிறது.

மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.