பத்தொன்பதால் வகுத்தால்

எங்கள் அணிக்கு 2.48.
2.50 இருந்தால்தான் படகுக்குப் பணம்
என்று மின்னஞ்சல் வந்திருந்தது.
இருபது பேரின் புள்ளியையும் கூட்டி
இருபதால் வகுத்தது நான்தான்.
முரசடிப்பவள். கணக்கும் என் தலையில்.

ஹிதாயா, ஏழாம் வரிசை, இடப்பக்கம்.
சாங்கி சரக்குக் கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு
முதல் ரயிலில் காலாங் வந்துவிடுவாள்,
எங்களுக்கெல்லாம் முன்னால்.
எட்டு மணிப் புள்ளியியல் வகுப்புக்குத்தான்
ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.
அவளுடையது 1.3.

"என்ன எடுத்துட்டு வகுத்துப் பாரேன்,"
துடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.
சும்மாதான் பார்த்தேன்.

2.54.

கல்லூரி பாராட்டி எழுதியது:
கல்வியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.
முன்னேறியது யாரென்று
பத்தொன்பது பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.
கடிதத்தைப் படகுக்கொட்டகையில் ஒட்டினோம்,
ஈரத்தில் ஒரு மூலை உரிந்து தொங்கியது.

சனிக்கிழமை. மெர்டேக்கா பாலத்தடி.
படகு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது.
கிளம்புமுன் வழக்கம்போல்
முன்னாலிருந்து ஆள் எண்ணச் சொன்னேன்.
ஒன்று, இரண்டு என்று குரல்கள் பின்னோக்கிப் போயின.
பன்னிரண்டு.

தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம்.

பதினான்கு, என்றாள் ஜியா யி.